இரவில் ஐந்து தடவை எழும்புகிறேன்: மச்சான் கொண்டுவந்த மூலிகைக் குளிசையை விழுங்கலாமா?

மாமாங்கத்தான், அமிர்தகழி

இரண்டு வருடங்களாக இந்தக் களத்தில் மற்றவர்கள் எழுதுவதை வாசித்து மட்டும் வந்த நான், இன்று முதற்தடவையாக ஒரு கேள்வியுடன் வருகிறேன். நேரில் எவரிடமும் கேட்க நா எழாத கேள்வி என்பதால் புனைபெயருக்குப் பின்னால் நின்று கேட்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 63. ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருடங்களாகின்றன. கடந்த ஒன்றரை வருடமாக இரவில் சலம் கழிக்க நான்கு, ஐந்து தடவை எழும்ப வேண்டியிருக்கிறது. போய் நின்றாலும் உடனே வருவதில்லை. வந்தாலும் நூல் போல ஓடுகிறது. முடிந்தது என்று வந்து படுத்தால் இன்னும் மிச்சம் இருப்பது போலவே தோன்றுகிறது. எங்கள் வீட்டில் கழிப்பறை கிணற்றடிப் பக்கம், வெளியே இருக்கிறது. மாரி காலத்தில் குடையும் ரோச் லைட்டுமாக ஒரே இரவில் ஐந்து தடவை நடப்பதை நினைத்துப் பாருங்கள். மருமகள் விழித்துக்கொள்வாளோ என்று கதவைத் திறக்கும்போது கூட மெதுவாகத்தான் திறக்கிறேன்.

இரண்டாவது விடயத்தை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். தாம்பத்தியத்தில் ஆசை இருக்கிறது, உடல் ஒத்துழைப்பதில்லை. இதற்கு மேல் விரிவாக எழுத என்னால் முடியாது.

லண்டனில் இருக்கும் மச்சான் விடுமுறைக்கு வந்தபோது ஒரு போத்தல் தந்தார். சோ பால்மெட்டோ, பூசணி விதை, துத்தநாகம், செலினியம், விட்டமின் ஈ என்று அதில் எழுதியிருக்கிறது. அதற்கு முன்னரே நகரத்துக் கடையொன்றில் 10 குளிசைகள் கொண்ட ஒரு பெட்டியை 4,500 ரூபாய்க்கு நானாகவே வாங்கி அலுமாரியில் ஒளித்து வைத்திருக்கிறேன். பெட்டியில் குதிரைப் படம். அமுக்கரா, நெருஞ்சில், பூனைக்காலி, நிலப்பனை, நூற்றுக்கு நூறு மூலிகை, பக்கவிளைவு அறவே இல்லை, ஒரு மணி நேரத்தில் பலன் என்றெல்லாம் அச்சிட்டிருக்கிறார்கள். சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் கொழுப்புக்கும் கிளினிக்கில் தரும் குளிசைகளை ஒழுங்காக எடுத்து வருகிறேன். இவற்றோடு அந்த இரண்டையும் சேர்த்து எடுக்கலாமா?


பாமசிக்காரன், கல்முனை

ஐயா, வெட்கப்பட ஒன்றும் இல்லை. என் கடைக்கு வரும் ஆண்களில் பலர் பனடோல் ஒரு கார்ட் வாங்கிய பிறகு, மற்ற வாடிக்கையாளர்கள் போகும் வரை பற்பசைத் தட்டைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். அவர்கள் கேட்க வந்தது எது என்று எங்களுக்குத் தெரியும்.

முதலில் ஒரு வேண்டுகோள். குதிரைப் படம் போட்ட பெட்டியைத் தயவுசெய்து திறக்க வேண்டாம். மச்சானின் போத்தலை விட அதுதான் எனக்குப் பயம் தருகிறது. ஒரு மணி நேரத்தில் பலன் தரும் அமுக்கராவை இந்த உலகத்தில் எவரும் கண்டதில்லை. ஒரு மணி நேரத்தில் வேலை செய்வது சில்டெனாபில் என்ற இரசாயன மருந்து. வயாகரா என்ற பெயரில் 1998 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது அதுதான். மூலிகை என்று விற்கும் குளிசைக்குள் அதையோ, அதன் உறவு மருந்துகளையோ சொல்லாமல் கலந்து விடுகிறார்கள். 2007 முதல் 2016 வரை அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் கலப்படம் கண்டுபிடித்த 776 உணவுத் துணைப்பொருட்களில் 353, அதாவது பாதிக்குச் சற்றுக் குறைவானவை, ஆண்மைக்கு என்று விற்கப்பட்டவை. அவற்றில் அதிகமாகக் கிடைத்த கலப்படம் சில்டெனாபில்.

மச்சானின் போத்தலைப் பற்றி இரவு கடை பூட்டிய பிறகு எழுதுகிறேன்.


படுவான்கரையான், கொக்கட்டிச்சோலைப் பக்கம்

பாமசிக்காரத் தம்பிக்கு மூலிகை என்றாலே கலப்படம் என்றுதான் தோன்றும், ஏனென்றால் அவர் விற்பது வேறு பொருள். எனது தகப்பனாருக்கு நீர்க்கடுப்பு வந்தபோது ஊர்ப் பரியாரியார் பெருநெருஞ்சிலைக் காம்போடு பிடுங்கி வந்து, ஒரு செம்புத் தண்ணீரில் நாலைந்து சுற்றுச் சுற்றி எடுத்தார். தண்ணீர் முட்டை வெள்ளைக்கரு போலக் குழகுழவென்று ஆகிவிட்டது. மூன்று நாள் காலையில் குடித்தார், எரிவு நின்றது. அதற்கு எவரும் 4,500 ரூபாய் கேட்கவில்லை; வெற்றிலையும் பாக்கும் வைத்தோம், அவ்வளவுதான். பெரியாஸ்பத்திரிக்குப் போனால் காலையில் நம்பர் எடுத்து மத்தியானம் வரை இருந்து, வைத்தியரோடு மூன்று நிமிடம் பேசிவிட்டு வருகிறோம். நெருஞ்சிலை ஏளனமாகப் பேசாதீர்கள்.


தம்பிலுவில் சித்தன்

படுவான்கரை அண்ணன் சொன்னது உண்மை. பெருநெருஞ்சில் தண்ணீரைக் குழகுழப்பாக்குவதை நாங்கள் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படித்தபோது முதல் வருடத்திலேயே செய்து பார்த்தோம். எரிவைத் தணிக்கும், சலத்தைப் பெருக்கும் என்பதால் நீர்க்கடுப்புக்கு அதைக் கொடுப்பது பழைய முறை. ஆனால் அண்ணனின் தகப்பனாருக்கு இருந்தது எரிவு. மாமாங்கத்து ஐயாவுக்கு இருப்பது அடைப்பு. வழி குறுகியிருக்கும் வாய்க்காலுக்குக் குளத்திலிருந்து இன்னும் தண்ணீரைத் திறந்து விட்டால் என்ன நடக்கும் என்பதை ஒரு வேளாண்மைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சலத்தைப் பெருக்கும் மூலிகை எதுவாக இருந்தாலும், அது சிறுபீளைக் குடிநீராக இருந்தாலும், நன்றாக அடைத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்குச் சோதிக்காமல் கொடுப்பது எங்கள் மருத்துவத்தின்படியும் பிழை.

குதிரைப் பெட்டியில் எழுதியிருக்கும் நான்கு பெயர்களும் எங்கள் நூல்களில் உள்ளவை என்பதால் எனக்கு இரட்டிப்பு எரிச்சல். பூனைக்காலி விதையைப் பாலில் அவித்து, தோல் நீக்கி, உலர்த்திச் சுத்தி செய்த பிறகுதான் பயன்படுத்த வேண்டும். அதில் லெவோடோபா என்ற பொருள் இருக்கிறது. பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் அதே பொருள்தான். மனநோய்க்கு மருந்து எடுப்பவர் அதை விழுங்கினால் ஒரு மருந்து மற்றொன்றுக்கு எதிராக இழுக்கும். அமுக்கராவைப் பற்றிச் சிறிய அளவிலான நல்ல ஆய்வுகள் உண்டு: 2013 இல் விந்தணு எண்ணிக்கை குறைந்த 46 ஆண்களை வைத்து 90 நாள் செய்த ஆய்வில் வேரின் சாற்றை எடுத்தவர்களுக்கு எண்ணிக்கை கூடியது. பிள்ளைப்பேறு வேண்டி நிற்கும் 30 வயதுக்காரருக்கு அது ஒரு செய்தி. 63 வயது ஐயாவின் விறைப்புக் குறைவுக்கோ சல அடைப்புக்கோ அது விடையாகாது. ஈரல் பாதிப்புகள் ஆங்காங்கே பதிவாகியிருப்பதையும், டென்மார்க் 2023 இல் அமுக்கராவைத் தடை செய்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தத் தடை மிகையானது என்பது என் கருத்து. ஆனாலும் அது நடந்தது.


பாமசிக்காரன், கல்முனை

சொன்னபடி வருகிறேன். சோ பால்மெட்டோ என்பது அமெரிக்காவின் புளோரிடாப் பக்கத்து மணல் நிலத்தில் புதராக வளரும் ஒரு குட்டைப் பனை. அதன் பழச்சாறுதான், வயதோடு பெருத்துச் சலவழியை நெருக்கும் புரோஸ்டேட் சுரப்பிக்கு உலகம் முழுவதும் அதிகம் விற்பனையாகும் மூலிகைகளில் ஒன்று. இதை நம்பியவர்கள் ஏமாளிகள் என்று நான் சொல்ல மாட்டேன், தொடக்கத்தில் வந்த சிறிய ஆய்வுகள் நம்பிக்கை தருவனவாகத்தான் இருந்தன. பிறகு ஒழுங்காகச் செய்து பார்த்தார்கள். 2006 இல் வெளியான ஆய்வில் 225 ஆண்களில் ஒரு பகுதியினர் இதையும், மற்றவர்கள் மருந்தே இல்லாத வெறும் குளிசையையும் ஒரு வருடம் முழுவதும் எடுத்தார்கள்; இரு பகுதியினருக்கும் வித்தியாசம் இல்லை. அளவு போதாமல் இருக்கலாம் என்று வாதாடியவர்களுக்காக 2011 இல் 369 ஆண்களில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான அளவின் மூன்று மடங்கு வரை உயர்த்தி 72 வாரங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். அறிகுறிகளுக்குக் கொடுக்கும் மதிப்பெண், மூலிகை எடுத்தவர்களில் 2.20 குறைந்தது, வெறும் குளிசை எடுத்தவர்களில் 2.99 குறைந்தது. வெறும் குளிசைதான் சற்று நன்றாக வேலை செய்திருக்கிறது!

இந்த எண்களில் நான் கவனிப்பது வேறொன்று. வெறும் குளிசை எடுத்தவருக்கும் மூன்று புள்ளி முன்னேற்றம் தெரிகிறது. புரோஸ்டேட் வருத்தம் சில மாதங்கள் கூடும், சில மாதங்கள் தானாகவே குறையும். மிகவும் கூடியிருக்கும் நேரத்தில்தான் மனிதன் மருந்து தேடுகிறான். பிறகு அது குறையும்போது கையில் எந்தப் போத்தல் இருக்கிறதோ அதற்குப் பெயர் போகிறது. "எனக்குச் சுகமானது" என்று ஒருவர் சத்தியம் செய்தால் அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டியதில்லை.

போத்தலில் இருக்கும் விட்டமின் ஈயும் செலினியமும் வேறு கதை. புரோஸ்டேட் புற்றுநோயைத் தடுக்குமா என்று பார்க்க 2001 இல் தொடங்கி 35,533 ஆண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பலன் இல்லை என்று 2008 இல் நிறுத்தினார்கள். தொடர்ந்து கவனித்தபோது, நாளொன்றுக்கு 400 அலகு விட்டமின் ஈ மட்டும் எடுத்தவர்களுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடுதலாக வந்தது என்று 2011 இல் வெளியிட்டார்கள். ஐயா, மச்சானின் போத்தலில் விட்டமின் ஈ எத்தனை அலகு என்று பாருங்கள்.


தம்பிலுவில் சித்தன்

கல்முனைத் தம்பியின் எண்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் புளோரிடாப் பனையின் தோல்வியை எங்கள் நெருஞ்சிலின் கணக்கில் எழுத வேண்டாம். மாவிலங்கப் பட்டையையும் நெருஞ்சிலையும் நீரடைப்புக்குப் பல நூற்றாண்டுகளாகக் கொடுத்து வருகிறோம். அவற்றை 369 பேரை வைத்து 72 வாரம் சோதிக்க எவரும் பணம் போடவில்லை. சோதித்துத் தோற்ற மருந்தும், சோதிக்கப்படாத மருந்தும் ஒன்றாகுமா?


பாமசிக்காரன், கல்முனை

ஒன்றாகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சோதிக்கப்படாத மருந்தை "நூற்றுக்கு நூறு" என்று அச்சடித்து விற்பதையும் ஒப்புக்கொள்ளச் சொல்லாதீர்கள். நெருஞ்சில் ஆண் ஹோர்மோனான டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டும் என்று உடற்பயிற்சி செய்யும் பெடியன்களிடம் போத்தல் போத்தலாக விற்கிறார்கள். ஆண்களில் செய்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அப்படி எதையும் காணவில்லை.


தம்பிலுவில் சித்தன்

பெடியன்களிடம் விற்பது வியாபாரம், அதை நான் காப்பாற்ற வரவில்லை. 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்த வைத்தியரிடம் நாடி பார்த்து, சலம் பார்த்து வாங்கும் சூரணம் வேறு; குதிரைப் பெட்டி வேறு. எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்கிறேன். பற்பம், செந்தூரம் என்று உலோகம் சேர்த்துச் செய்யும் மருந்துகளை இணையத்தில் வாங்கி விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளை அமெரிக்காவில் சோதித்து 2008 இல் வெளியிட்டபோது, ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. சீனி வருத்தத்தால் சிறுநீரகம் ஏற்கெனவே களைத்திருக்கும் ஒருவருக்கு அதன் மேல் ஈயத்தையும் ஏற்றுவது பாவம்.


இழைப் பொறுப்பாளர்

வட்ஸ்அப் இலக்கத்துடன் "ஆண்மை லேகியம், வீட்டுக்கே கொண்டுவந்து தரப்படும்" என்று இடப்பட்ட இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறோம். இதே நபர் கடந்த மாதம் முடி வளரும் எண்ணெய் விற்க வந்தவர்.


ஏறாவூர் காக்கா

அஸ்ஸலாமு அலைக்கும். விளம்பரத்தை நீக்கியது நல்லது. நான் அப்படியான ஒரு பெட்டியால் மௌத்தைத் தொட்டுவிட்டு வந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

எனக்கு 57 வயது. நெஞ்சு இறுக்கத்துக்காக நாக்குக்குக் கீழே வைக்கும் சிறிய குளிசையை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பேன். இரண்டு வருடங்களுக்கு முன்னர் ஒரு கடையில், கடையின் பெயரும் ஊரும் வேண்டாம், "தேனும் மூலிகையும்தான், சுன்னத்தான மருந்து" என்று சொல்லி ஒரு பொட்டலம் தந்தார்கள். மார்க்கத்தின் பெயரைச் சொன்னால் நாங்கள் கேள்வி கேட்க மாட்டோம் என்று அவர்களுக்குத் தெரியும். எடுத்து முக்கால் மணி நேரத்தில் முகம் சிவந்து சூடானது, தலை இடித்தது, சுவர் இலேசாக நீலமாகத் தெரிந்தது. பிறகு நெஞ்சு இறுகத் தொடங்கியதும் பழக்கப்படி சட்டைப் பைக் குளிசையை நாக்குக்குக் கீழே வைத்தேன். அதன் பின்னர் எனக்கு நினைவில்லை. கண் விழித்தபோது கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது, மூத்த மகன் கால்மாட்டில் நின்றான்.

வைத்தியர் கேட்ட முதல் கேள்வி, வேறு ஏதும் எடுத்தீர்களா என்பதுதான். மகன் பக்கத்தில் நின்றதால் இல்லை என்று தலையாட்டினேன். இன்று வரை என்னை நானே ஏசிக்கொள்வது பொட்டலத்தை வாங்கியதற்காக அல்ல, அந்தத் தலையாட்டலுக்காக. மகன் வெளியே போனதும் தாதி ஒருவரைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன்.


பாமசிக்காரன், கல்முனை

காக்கா, நீங்கள் இதை எழுதியதற்கு நன்றி. சில்டெனாபில் இரத்தக் குழாய்களை விரிக்கும். நாக்குக்குக் கீழே வைக்கும் நைத்திரேட்டு மருந்தும் அவற்றை விரிக்கும். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் பிரஷர் கிணற்றுக்குள் விழுந்த வாளி போல இறங்கிவிடும். சில்டெனாபில் எடுத்தவருக்கு ஒரு நாளைக்கும், அதன் உறவு மருந்தான தடாலபில் எடுத்தவருக்கு இரண்டு நாளைக்கும் நைத்திரேட்டுக் கொடுக்கக் கூடாது. பொட்டலத்தில் பெயர் எழுதாதபடியால் வைத்தியருக்கு அந்தக் கணக்கே இல்லை.

கலப்பது அதை மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். 2008 இல் சிங்கப்பூரில் சீனி வருத்தமே இல்லாத 150 பேர் இரத்தத்தில் சீனி அடியோடு இறங்கி அரசாங்க வைத்தியசாலைகளுக்கு வந்தார்கள், ஏறத்தாழ எல்லோரும் ஆண்கள். தேடிப் பார்த்தபோது சட்டவிரோதமாக விற்ற ஆண்மைக் குளிசைகளில் கிளிபென்கிளமைட் என்ற சீனி வருத்த மருந்து பெருமளவில் கலந்திருந்தது. ஏழு பேர் மயக்கத்திலிருந்து மீளவில்லை, அவர்களில் நான்கு பேர் இறந்துவிட்டார்கள். மாமாங்கத்து ஐயா ஏற்கெனவே சீனிக்கு மருந்து எடுப்பவர். நான் ஏன் முதலிலேயே பதறினேன் என்பது இப்போது விளங்கும்.


மட்டுநகர்த் தாதி

பெண் ஒருத்தி இந்த இழைக்குள் வருவதைத் தவறாக நினைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். 22 வருடங்களாக விடுதிகளில் வேலை செய்கிறேன்.

சலம் முற்றாகக் கட்டிக்கொண்டு வரும் ஆண்களை நான் பார்த்த அளவுக்கு இங்கே எவரும் பார்த்திருக்க மாட்டீர்கள். அடிவயிறு தேங்காய் போல இறுகி, வியர்த்து ஒழுகி, ஓட்டோவில் நிமிர்ந்து இருக்கக்கூட முடியாமல் வருவார்கள். டியூப் போட்டுச் சலம் வெளியேறும் அந்த நிமிடத்தில் சிலர் குழந்தை போல அழுதுவிடுவார்கள். விசாரித்தால் பாதிப் பேரிடம் ஒரே கதை: இரண்டு வருடமாகக் கஷ்டம் இருந்தது, யாரோ தந்த தூளைக் குடித்துக்கொண்டிருந்தேன், முந்தாநாள் தடிமனுக்கு ஒரு குளிசை போட்டேன். அந்தத் தடிமன் குளிசைதான் பல தடவை கடைசித் துரும்பு. தும்மலை நிறுத்தி நித்திரை தரும் குளிசைகள் சலப்பையின் தசையைத் தளர்த்தி விடும். மூக்கடைப்புக்குக் கொடுக்கும் சில மருந்துகள் அதன் வாயை இறுக்கும். புரோஸ்டேட் பெருத்தவர்கள் தடிமனுக்கு மருந்து வாங்கும்போதும் இந்த வருத்தத்தைச் சொல்லித்தான் வாங்க வேண்டும்.

மூலிகை மீது எனக்குக் கோபம் இல்லை, எங்கள் வீட்டிலும் கொத்தமல்லி அவிக்காத வாரம் இல்லை. எனக்குக் கோபம் அந்த இரண்டு வருடத்தின் மீதுதான். சலத்தில் இரத்தம் போனாலும், காய்ச்சலோடு எரிந்தாலும், தகப்பனுக்கோ சகோதரனுக்கோ புரோஸ்டேட் புற்றுநோய் இருந்திருந்தாலும், ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். தொடக்கத்தில் அந்தப் புற்றுநோய்க்கு அறிகுறியே இராது. ஆகவே சலம் இலகுவாகப் போவதை வைத்து அது இல்லை என்றும் முடிவு கட்ட முடியாது.

மாமாங்கத்து ஐயாவிடம் இரண்டு கேள்விகள். கிளினிக்கில் தரும் பிரஷர் குளிசைகளின் பெயர்கள் என்ன, அவற்றை எத்தனை மணிக்கு விழுங்குகிறீர்கள்?


மாமாங்கத்தான், அமிர்தகழி

இத்தனை பேர் பதில் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. காக்காவின் பதிவை வாசித்த பிறகு குதிரைப் பெட்டியைத் தூக்கிக் குப்பையில் போடப் போனேன். யாராவது எடுத்து விழுங்கிவிடுவார்களோ என்று திரும்பக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். மச்சானின் போத்தலில் விட்டமின் ஈ 200 அலகு என்று இருக்கிறது, நாளுக்கு இரண்டு குளிசை எடுக்கச் சொல்லியிருக்கிறது.

தாதித் தங்கச்சி, கிளினிக் கொப்பியைப் பார்த்து எழுதுகிறேன்: அட்டெனோலோல் காலையில், ஹைட்ரோகுளோரோதயசைட் இரவில். இரவில் எடுக்கச் சொல்லி எவரும் சொல்லவில்லை. காலையில் குளிசைகள் அதிகமாக இருப்பதால் பாதியை நானாகவே இரவுச் சாப்பாட்டுக்கு மாற்றிக்கொண்டேன்.


மட்டுநகர்த் தாதி

ஐயா, நீங்கள் இரவில் விழுங்குவது நீரை இறக்கும் குளிசை. அதன் வேலையே சலத்தைப் பெருக்குவதுதான். வழமையாக அதைக் காலையில்தான் எடுப்பார்கள். நீங்களாக எதையும் நிறுத்தாமல், கொப்பியோடு கிளினிக்குக்குப் போய் நேரத்தை மாற்றிக் கேளுங்கள். மச்சானின் போத்தலையும் குதிரைப் பெட்டியையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். மேசையில் வைத்துவிட்டால் வாயால் சொல்ல வேண்டிய வெட்கம் பாதி குறைந்துவிடும்.


பாமசிக்காரன், கல்முனை

200 இரண்டு தடவை எடுத்தால் 400 தான் ஐயா, அந்த ஆய்வின் அதே அளவு.

இரண்டாவது விடயத்துக்கும் கொப்பியில் விடை இருக்கலாம். அட்டெனோலோல் சில ஆண்களுக்கு அந்தத் தளர்வைத் தரும். நீண்ட காலச் சீனியும் நரம்பையும் குழாயையும் சேர்த்துப் பழுதாக்கும். ஆணுறுப்பின் குழாய்கள் ஒன்று, இரண்டு மில்லிமீற்றர் அகலமானவை; இதயத்தின் குழாய்கள் மூன்று, நான்கு. கொழுப்புப் படிந்தால் சிறிய குழாய்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். சில வருடங்கள் கழித்து இதயமும் அதையே சொல்லும். ஆகவே இது வெறும் படுக்கையறைச் சங்கதி என்று நினைத்து வைத்தியரிடம் மறைக்க வேண்டாம். அவர் இதயத்தைப் பார்த்துவிட்டு, தேவையானால் அதே சில்டெனாபிலை அளவோடு எழுதித் தருவார். பெட்டியில் குதிரை இராது, விலையும் குறைவு.

வைத்தியரைப் பார்க்கும் முன் ஒரு கடுதாசியில் ஏழு விடயங்களுக்கு மதிப்பெண் போடுங்கள். கடந்த ஒரு மாதத்தை நினைத்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை. மிச்சம் இருப்பது போன்ற உணர்வு, இரண்டு மணி நேரத்துக்குள் திரும்பப் போவது, விட்டுவிட்டு வருவது, அடக்க முடியாமை, மெல்லிய ஓட்டம், முக்க வேண்டியிருப்பது, இரவில் எழும்பும் தடவைகள். கூட்டுத்தொகை 7 வரை என்றால் இலேசு, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20 இலிருந்து கடுமை. வைத்தியர்களே பயன்படுத்தும் கணக்குத்தான் இது.


படுவான்கரையான், கொக்கட்டிச்சோலைப் பக்கம்

பாமசிக்காரத் தம்பி நல்ல பிள்ளைதான் போலிருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன்: ஆஸ்பத்திரிக் குளிசைக்குப் பக்கவிளைவு இல்லையா?


பாமசிக்காரன், கல்முனை

இருக்கிறது அண்ணன், அவற்றை எழுதித்தான் விற்கிறோம். புரோஸ்டேட்டுக்குக் கொடுக்கும் டாம்சுலோசின் 0.4 மில்லிகிராம், சில நாட்களிலேயே வழியைத் தளர்த்தும். சிலருக்கு எழும்பும்போது தலை சுற்றும், விந்து வெளியேறாமல் பின்னோக்கிப் போகும். பினாஸ்டிரைட் சுரப்பியைச் சுருக்கும், அதற்கு ஆறு மாதமாகும், சிலருக்கு ஆசையைக் குறைக்கும். புரோஸ்டேட்டுக்காகச் செய்யும் பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனையின் எண்ணையும் அது பாதியாகக் குறைத்துக் காட்டும் என்பதால், அதை எடுப்பவர் ஆய்வுகூட அறிக்கையை வாசிக்கும் வைத்தியரிடம் சொல்லியே ஆக வேண்டும்.


தம்பிலுவில் சித்தன்

என்னிடம் வருகிறவர்களையும் நான் முதலில் ஸ்கேனுக்குத்தான் அனுப்புகிறேன். சலம் கழித்த பிறகு பையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று தெரியாமல் நான் கஷாயம் எழுதுவதில்லை. கல்முனைத் தம்பிக்கு இது ஆச்சரியமாக இருக்கலாம்.


பாமசிக்காரன், கல்முனை

ஆச்சரியம்தான், மகிழ்ச்சியும் கூட.


மாமாங்கத்தான், அமிர்தகழி

ஐந்து கிழமைகளுக்குப் பிறகு எழுதுகிறேன்.

மதிப்பெண் 21 வந்தது. கடுதாசியையும் கொப்பியையும் போத்தலையும் பெட்டியையும் வைத்தியரின் மேசையில் வைத்தேன். இளம் வைத்தியர், என்னிடம் படித்த பிள்ளைகளின் வயது. குதிரைப் படத்தைப் பார்த்துச் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை, "நல்ல வேளை, சேர்" என்று மட்டும் சொன்னார். நீர்க்குளிசையைக் காலைக்கு மாற்றினார். அந்தக் கிழமையே ஐந்து தடவை மூன்றானது. ஸ்கேனில் சுரப்பி 46 கிராம், மிச்சச் சலம் 90 மில்லிலீற்றர். இரத்தப் பரிசோதனையில் பயப்பட ஒன்றும் இல்லை என்றார். டாம்சுலோசின் தொடங்கியிருக்கிறேன், இப்போது இரவில் இரண்டு தடவை, சில நாட்களில் ஒன்று. முதல் கிழமை எழும்பும்போது கொஞ்சம் தலை சுற்றியது, இப்போது கட்டிலில் ஒரு நிமிடம் இருந்துவிட்டுத்தான் எழும்புகிறேன்.

மற்ற விடயம் அப்படியே இருக்கிறது. அட்டெனோலோலை மாற்றியிருக்கிறார், மூன்று மாதச் சீனிக் கணக்கு 9.1 என்பதால் முதலில் அதைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார், இதயத்துக்கும் ஒரு பரிசோதனை எழுதியிருக்கிறார். மனைவியிடம் முழுவதையும் சொல்லிவிட்டேன். அவள் இது தெரிந்த விடயம்தானே என்பது போலக் கேட்டுக்கொண்டு தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். மச்சானுக்கு மட்டும் போத்தல் நன்றாக வேலை செய்கிறது என்று சொல்லியிருக்கிறேன். அவர் மனம் நோகக் கூடாது.


பாமசிக்காரன், கல்முனை

மச்சான் அடுத்த முறை நான்கு போத்தல் கொண்டுவரப் போகிறார் ஐயா.


படுவான்கரையான், கொக்கட்டிச்சோலைப் பக்கம்

மாஸ்டர், நான் இதுவரை சொல்லாத ஒன்று. அந்த ஏழு விடயங்களுக்கும் நானும் ஒரு கடுதாசியில் போட்டுப் பார்த்தேன். எனக்கு 58 வயது, 18 வந்தது. பெருநெருஞ்சில் மூன்று மாதமாகக் குடிக்கிறேன். வெள்ளாண்மை வெட்டு முடிந்துவிட்டது, இனிச் சாட்டுச் சொல்லவும் ஒன்றும் இல்லை. நீங்கள் போகும் கிளினிக் எந்தக் கிழமை?


மாமாங்கத்தான், அமிர்தகழி

புதன்கிழமை. ஆறரைக்கு முன்னர் வந்தால் நம்பர் முன்னுக்குக் கிடைக்கும், நான் கேற்றடியில் நிற்பேன். குடித்த நெருஞ்சிலைப் பற்றியும் சொல்லிவிடுங்கள், அவர் ஏச மாட்டார்.